தேய்ந்த தட்டின் சுருதி

பழைய ரேடியோகிராம் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் பலருக்கு, அதன் வேகத் திருகின்மேல் 16, 33, 45, 78 என்று நான்கு எண்கள் பொறித்திருந்தது நினைவிருக்கும். 78 என்பது பாட்டனார் காலத்து அரக்குத் தட்டுக்கு. 45 சினிமாப் பாட்டுகள் வந்த சிறிய தட்டுக்கு. 33 என்பது நிமிஷத்துக்கு 33⅓ முறை சுற்றுகிற எல்.பி. என்னும் பெரிய தட்டுக்கு. பெரும்பாலும் பேச்சைப் பதிவு செய்வதற்கென்று ஏற்பட்ட 16 என்னும் அந்த முதல் எண்ணுக்கு உரிய தட்டு அநேகருடைய கண்ணில் பட்டதே இல்லை. ஆகவே வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கைக்காகத் திருகை அங்கே திருப்பி, பாடகியின் குரல் பூதத்தின் குரலாக மாறுவதைக் கேட்டுச் சிரிப்பதோடு அதன் உபயோகம் முடிந்துவிடும். ஆனால் அந்த வேடிக்கைக்குள்ளேயே ஒரு சங்கீதம் ஒளிந்திருக்கிறது என்று கண்டு, அதையே தம் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர்கள் மேல்நாட்டில் சிலர் உண்டு.

அவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிலிப் ஜெக். 1952-ல் பிறந்து 2022-ல் மறைந்த இவர், டார்ட்டிங்டன் கலைக் கல்லூரியில் பயின்றது காட்சிக் கலை. ஆயினும் தம் கருவியாக அவர் தேர்ந்துகொண்டது, பழைய சாமான் கடையில் ஒதுங்கிக் கிடந்த மலிவு விலை ரிக்கார்டு பிளேயர்களை. 1993-ல் லோல் சார்ஜென்ட் என்பவருடன் சேர்ந்து அவர் நிகழ்த்திய 'வினைல் ரெக்வியம்' என்ற நிகழ்ச்சியில், டான்செட் என்ற பெயர்கொண்ட பழைய பெட்டி பிளேயர்கள் 180 வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தேய்ந்த தட்டு, ஒவ்வொன்றும் ஒரு துணுக்கைத் திரும்பத் திரும்பச் சொல்வது என்றால், அவை கூடி எழுப்பும் நாதம் எந்த ஒரு பாட்டாகவும் இல்லாமல், எல்லாப் பாட்டுகளின் அடியிலும் ஓடுகிற ஒரு நீண்ட ரீங்காரமாக அமைவது இயல்பே.

இவ்வகை இசையை மேல்நாட்டார் ட்ரோன் என்றும், சூழலோடு கலந்து நிற்பதால் ஆம்பியன்ட் என்றும் அழைக்கிறார்கள். நாகஸ்வரத்துக்குப் பின்னே நின்று ஒத்து ஊதுகிறவரின் மூச்சு இடையறாமல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்பதையும், கச்சேரியில் தம்பூரா மீட்டப்படுவதையும் கேட்டுப் பழகிய நமக்கு, ஒரே நாதம் நெடுநேரம் நிற்பது புதுமையல்ல. நம் சங்கீதத்தில் சுருதி ராகத்துக்கு ஆதாரமாகப் பின்னால் நிற்கிறது. அவர்களுடைய முறையில் ராகமும் தாளமும் விலகிக்கொள்ள, சுருதியே முன்வந்து முழுக் கச்சேரியையும் நடத்துகிறது. இந்தச் சம்பந்தம் தற்செயலானதும் அன்று. அமெரிக்காவில் இவ்வகை இசைக்கு மூலவராக மதிக்கப்படும் லா மாண்ட் யங், 1955-ல் வெளிவந்த அலி அக்பர் கானின் எல்.பி. தட்டைக் கேட்டுத் தம்பூராவின்பால் ஈர்க்கப்பட்டவர். பிற்பாடு, 1970 முதல், பண்டிட் பிராண் நாத்திடம் சிஷ்யராகவே அமர்ந்தவர். நம் நாட்டுச் சுருதி அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த வழிகளுள் இசைத்தட்டும் ஒன்று.

இனி அந்தத் தட்டைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். ஒரு பக்கத்தில் இருப்பவை, கண்ணுக்குத் தோன்றுவதுபோல வட்டம் வட்டமான பல கோடுகள் அல்ல. விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே பள்ளந்தான். 22 நிமிஷம் ஓடும் எல்.பி. பக்கத்தில் அப்பள்ளம் 733 முறை சுற்றுகிறது. சுருளைப் பிரித்து நேராக நீட்டினால் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் வரும். அகலமோ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். பூதக்கண்ணாடியின் கீழ், அதன் இரு சுவர்களும் வளைந்து வளைந்து செல்வது தெரியும்: தாழ்ந்த ஸ்வரம் இருக்குமிடத்தில் வளைவுகள் நீண்டு சாவதானமாகப் போகும், உச்ச ஸ்வரமும், 'ஸ்', 'ஷ்' போன்ற உரசல் ஒலிகளும் இருக்குமிடத்தில் அவை மிக நெருங்கி, நுண்ணிய பற்களைப்போல நிற்கும். ஊசி ஆயிரம் முறை ஓடினால் முதலில் மழுங்கிப்போவது அந்த நுண்ணிய பற்களே. நீண்ட வளைவுகள் நெடுநாள் தாங்கும். ஆதலால் தட்டு தேயத் தேய, சொற்களின் கூர்மையும் ஜால்ராவின் மினுக்கும் முதலில் மறைந்து, அடிநாதம் மட்டும் எஞ்சுகிறது. யாரும் கைவைக்காமலே, ஒவ்வொரு தட்டும் தன் முதுமையில் சுருதியை நோக்கியே சென்றுகொண்டிருக்கிறது என்று சொல்லலாம்.

வினைலுக்கு முந்திய 78 தட்டின் கதை இன்னும் ருசிகரமானது. அதன் மூலப்பொருள் அரக்கு. சோட்டா நாகபுரிப் பகுதியின் காடுகளில் புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் அடையடையாக ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. உலகத்தின் பெருந்தேவையை நெடுங்காலம் நிறைவேற்றி வந்தது இந்தியாதான். லண்டனில் பதிவான நடன சங்கீதமாயினும், நியூயார்க்கில் பதிவான ஜாஸ் ஆயினும், நம் காட்டுப் பூச்சியின் பிசினிலேயே அச்சாயிற்று. அந்த அரக்கோடு கற்பலகைத் தூளும் சுண்ணாம்புக்கல் தூளும் தாராளமாகக் கலப்பார்கள். தட்டுக்கு உறுதி தருவது ஒரு நோக்கம். எஃகு ஊசியின் முனையை அரைத்து, பள்ளத்தின் வடிவத்துக்கு ஏற்பப் பொருத்திவிடுவது மற்றொரு நோக்கம். அந்தத் தூளின் மேல் ஊசி இழைந்து செல்வதனாலேயே 78 தட்டில் பாட்டு தொடங்குமுன்னரே 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் எழுகிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் அரக்கு கிடைப்பது அரிதாகவே, அமெரிக்கப் படைவீரர்களுக்கு அனுப்பிய 'வி-டிஸ்க்' தட்டுகளை வினைலில் செய்தார்கள். 1948-ல் கொலம்பியா கம்பெனி எல்.பி.யை வெளியிட்டபின் அரக்கின் ஆட்சி படிப்படியாக முடிந்தது.

இப்போது வேகத்தின் விஷயத்துக்கு வருவோம். இந்த இசையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. 78 சுற்றுக்கு உரிய தட்டை 16⅔ வேகத்தில் ஓட்டினால், காலம் 4.68 மடங்கு நீள்கிறது. மூன்று நிமிஷப் பாட்டு பதினான்கு நிமிஷம் ஓடும். விநாடிக்கு 440 அதிர்வுள்ள ஸ்வரம் 94 அதிர்வாகத் தாழ்ந்து, இரண்டு ஸ்தாயிக்கும் கீழே போய்விடும். இவ்வளவோடு நின்றால், இதுவும் ஒரு நல்ல மந்தர ஸ்தாயிப் பாட்டு என்று விட்டுவிடலாம். ஆனால் ஒரு பாடகர் தாமே கீழ் ஸ்தாயியில் பாடுவதற்கும், அவருடைய தட்டைத் தாழ்த்துவதற்கும் பெரும் பேதம் உண்டு. குரல்நாண்கள் எழுப்பும் சப்தம், குரல்வளை தொடங்கி உதடு வரை ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாயின் வழியாகவே வெளிவருகிறது. அக்குழாயின் நீளத்துக்கும் வடிவத்துக்கும் இசைந்த சில அதிர்வுகள் மட்டும் ஓங்கி ஒலிப்பதனால்தான் 'ஆ' வேறு, 'ஈ' வேறு என்று நமக்குத் தெரிகிறது. பாடகர் ஸ்தாயியை மாற்றினாலும் அவருடைய குழாயின் நீளம் மாறுவதில்லை. தட்டைத் தாழ்த்தும்போதோ ஸ்வரத்தோடு அந்த ஓங்கல்களும் 4.68 மடங்கு கீழிறங்குகின்றன. ஆகவே, பாடியவருடைய வாய்க்குழாய் 80 சென்டிமீட்டர் நீண்டிருந்தால் எப்படி ஒலிக்குமோ அப்படி ஒலிக்கிறது. மனிதப் பிறவி எதற்கும் இல்லாத தொண்டை அது. அக்குரலைக் கேட்கும்போது நம் செவி முதலில் திடுக்கிட்டு, பிறகு அதை மனிதக் குரல் என்று எண்ணுவதையே விட்டுவிட்டு, ஏதோ இடத்தின் ஒலி என்று, மண்டபத்தின் ஒலி என்று எண்ணத் தொடங்குகிறது. பாடகருடைய குரலில் விநாடிக்கு ஆறு முறை இருந்த அசைவும் ஒன்றேகால் முறையாகக் குறைந்து, அலங்காரம் என்ற நிலையிலிருந்து மாறி, மெல்ல ஏறி இறங்கும் ஒரு பெருமூச்சாகிவிடும்.

தாழ்த்துவது ஒரு வித்தை என்றால், வளையமாக்குவது மற்றொரு வித்தை. இதில் முன்னோடி பாரிஸ் வானொலியில் பொறியாளராக இருந்த பியேர் ஷேஃபர். காந்த நாடா அவர் கைக்கு வந்து சேராத 1948-ல், நேராகத் தட்டிலேயே பதிவு செய்து வேலை பார்த்த அவர், பள்ளத்தைச் சுருளாக உள்ளே போகவிடாமல் தன்னைத்தானே சந்திக்கும் வட்டமாக மூடிவிட்டால், ஒரே துணுக்கு ஓயாமல் திரும்பும் என்று கண்டார். கீறல் விழுந்த ரிக்கார்டு என்று நாம் அலுத்துக்கொள்கிற அதே குறையை, அவர் வேண்டுமென்றே உண்டாக்கினார். ரயில் சப்தங்கள் முதலியவற்றைக்கொண்டு அவர் இயற்றிய ஐந்து 'ஓசைப் பயிற்சிகள்' 1948 அக்டோபர் 5-ஆம் தேதி வானொலியில் ஒலிபரப்பாயின. அந்நாட்களில் அவர் செய்த ஒரு சோதனை, என் அபிப்பிராயத்தில், இவ்வளவு இசைக்கும் திறவுகோல். மணியோசையைப் பதிவு செய்கையில், நாக்கு மணியில் மோதும் முதற்கணத்தை விட்டுவிட்டு, பின்வரும் ரீங்காரத்தை மட்டும் பதிந்தார். கேட்டால் அது மணியாகவே இல்லை, ஊதுகிற துளைக்கருவியைப்போல ஒலித்தது. ஒரு வாத்தியத்தை இன்னதென்று நாம் அறிவதற்குப் பெருந்துணையாவது, ஸ்வரம் பிறக்கும் அந்த முதற்கணமே: பியானோவில் சுத்தியல் படுவது, வயலினில் வில் பற்றுவது, வீணையில் விரல் தெறிப்பது. அதை நீக்கிவிட்டால் வாத்தியம் தன் பெயரை இழந்து வெறும் நாதமாகிறது. வேகத்தைக் குறைக்கும்போதும் இதுவே வேறொரு விதமாக நிகழ்கிறது. விநாடியில் நூறில் ஒரு பங்கில் முடிந்துவிடும் தெறிப்பு நான்கைந்து மடங்கு நீண்டு, கூர் மழுங்கி, ஸ்வரம் எங்கிருந்தோ மிதந்து வருவதுபோல் ஆகிவிடும்.

வளையங்கள் ஒன்றுக்கு மேற்பட்டால் கணிதமும் வந்து சேருகிறது. 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, 45 வேகத்தில் 1.33 விநாடி. இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கினால், முன்னது 20 சுற்றும் பின்னது 27 சுற்றும் முடித்து, 36 விநாடிக்குப் பிறகே மறுபடியும் ஒன்றுசேரும். 78 சுற்றுத் தட்டு ஒன்றையும் கூட்டிக்கொண்டால், மூன்றும் ஒன்றாகக் கூட முழு மூன்று நிமிஷம் காத்திருக்க வேண்டும். இது காகிதக் கணக்கு. பழைய பெட்டி பிளேயரின் மோட்டார் சரியான வேகத்தில் ஓடுவது அபூர்வம். ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்கும், மின்சாரம் ஏறி இறங்கும். ஆகவே அந்தக் கூட்டம் சொல்லியபடி நேர்வதே இல்லை. மூன்று சிறு துணுக்குகள், ஒரு மாலை முழுவதும் திரும்பாத ஒரு சேர்க்கையைத் தந்துகொண்டே இருக்கும். இன்னொன்று: தட்டின் நடுத்துளை இம்மியளவு விலகியிருந்தால், ஊசி ஒவ்வொரு சுற்றிலும் சற்று வேகமாகவும் சற்று மெதுவாகவும் பள்ளத்தைக் கடக்கும். பத்து சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே ஸ்வரம் நூற்றுக்கு ஒரு பங்கு ஏறி இறங்கும். அது அரை ஸ்வரத்தில் ஆறில் ஒரு பங்கு. கச்சேரி ரசிகர் முகம் சுளிக்கப் போதுமான குறை. ஆனால் அப்படி அசையும் இரண்டு தட்டுகள் ஒரே ஸ்வரத்தில் சேரும்போது, 440-ம் 441-ம் கூடி விநாடிக்கு ஒரு முறை பொங்கித் தணிகிற அந்த விம்மல் பிறந்து, வெறும் ஸ்வரத்துக்கு உயிர் வந்துவிடுகிறது.

கரகரப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீறலில் ஊசி இடறும்போது எழும் 'டிக்' என்ற சப்தம் விநாடியில் ஆயிரத்தில் சில பங்கே நிற்பது; அத்தனை குறுகிய சப்தத்தில் எல்லா அதிர்வுகளும் ஏறக்குறையச் சமமாக அடங்கியிருக்கும் என்பது சப்த சாஸ்திரம் கூறும் உண்மை. ஒரு மண்டபம் எப்படி ஒலிக்கும் என்று அளக்க விரும்பும் விஞ்ஞானிகள், இக்காரணம் பற்றியே அங்கே பலூனை வெடிப்பார்கள், அல்லது வெற்றுத் துப்பாக்கியைச் சுடுவார்கள். அந்த வெடிக்கு மண்டபம் தரும் பதிலில் அதன் குணம் முழுவதும் வெளிப்பட்டுவிடும். இசைத்தட்டுக் கலைஞர் கீறல் தட்டின் ஒலியை எதிரொலிக் கருவி ஒன்றின் வழியே செலுத்தும்போது, ஒவ்வொரு கீறலும் அப்படி ஒரு வெடியாகி, இல்லாத மண்டபத்தை நம் காதுக்குக் காட்டுகிறது. இரைச்சலுக்கும் ஒரு தொழில் உண்டு. 1970-ல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க உளவியலாளர், பேச்சில் ஓர் எழுத்தை முற்றிலும் வெட்டியெடுத்து, அவ்விடத்தில் ஓர் இருமலை வைத்துக் கேட்கச் செய்தார். கேட்டவர்கள் எழுத்து விடுபட்டதையே உணரவில்லை. மௌனம் இருந்தால் குறையை உணரும் மூளை, சப்தம் மறைத்தால் இல்லாததைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. தேய்ந்த தட்டின் இரைச்சலுக்கு அடியில் நமக்குக் கேட்கும் பாட்டில் ஒரு பங்கு நாமே பாடுவது. சுத்தமாக்கிய பதிவு பழைய பாட்டின் மயக்கத்தை ஏனோ இழந்துவிடுகிறது என்று பலர் வருந்துவதற்கு, இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

கம்ப்யூட்டர் வந்தபின் ஸ்தாயியைத் தாழ்த்தாமலே காலத்தை நீட்ட முடிகிறது. ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் உள்ள அதிர்வுகளைப் பிரித்தறிந்து, நீண்ட காலத்தின்மேல் மீண்டும் பரப்பி எழுதுவது அந்த முறை. 1966-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளானகனும் கோல்டனும் இதற்கு அடிகோலினார்கள். நார்வேயைச் சேர்ந்த லெய்ஃப் இங்கே, பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை இவ்வாறு 24 மணி நேரமாக நீட்டியிருக்கிறார். ஜெர்மனியில் வொல்ஃப்காங் வோய்க்ட், 'காஸ்' என்ற பெயரில், செவ்வியல் இசைத்தட்டுகளின் துணுக்குகளை அடையாளம் தெரியாதபடி மங்கச்செய்து, கொலோன் நகரை அடுத்த கோனிக்ஸ்ஃபோர்ஸ்ட் காட்டின் பெயரில் ஓர் ஆல்பமே இயற்றினார். இவை சிறந்தவையே; எனினும் என் மனம் வேகம் குறைந்த தட்டையே நாடுகிறது. கம்ப்யூட்டர் காலத்தை மட்டும் நீட்டுகிறது. தட்டு, பாடியவரின் தேகத்தையும் சேர்த்து நீட்டுகிறது.

இந்தக் கலையின் மிக ஆழ்ந்த படைப்பு எது என்று கேட்டால், ஜேம்ஸ் லேலண்ட் கர்பி என்ற ஆங்கிலேயர் 'தி கேர்டேக்கர்' என்ற புனைபெயரில், 2016 முதல் 2019 வரை ஆறு பகுதிகளாக வெளியிட்ட 'எவ்ரிவேர் அட் தி எண்ட் ஆஃப் டைம்' என்பதையே சொல்வேன். ஆறரை மணி நேரம் நீளும் அப்படைப்பு, ஞாபக மறதி நோய் ஒருவரைச் சிறிது சிறிதாக ஆட்கொள்ளும் வரலாற்றை, ஒரு சொல்லும் சொல்லாமல், பழைய நடனக்கூடத் தட்டுகளைக்கொண்டே கூறுகிறது. முதற்பகுதியின் முதல் உருப்படி, 1931-ல் அல் பௌலி பாடிய 'ஹார்ட்ஏக்ஸ்' என்ற பாட்டின் பதிவிலிருந்து எடுத்தது. அந்தப் பௌலி 1941-ல் லண்டன் மீது விழுந்த ஜெர்மானியக் குண்டுக்கு இரையானவர். தொடக்கத்தில் மெட்டு தெளிவாக இருக்கிறது, கரகரப்பு ஓரத்தில் நிற்கிறது. போகப் போக மெட்டு துண்டுபடுகிறது. வந்த மெட்டே தேய்ந்து மறுபடி வருகிறது. நான்காம் பகுதிக்குமேல் இன்ன பாட்டென்று சொல்ல முடியாத குழப்பம். ஆறாம் பகுதியில் பெரும்பாலும் நீண்ட, கனத்த ரீங்காரம். இது வைத்திய நூல் அன்று. நோயாளியின் உள்ளம் இப்படித்தான் இருக்கும் என்று யாரும் இதைக்கொண்டு தீர்மானிக்கக் கூடாது. ஆனாலும், அந்நோயில் மற்ற ஞாபகங்கள் அகன்ற பிறகும் இளமையில் கேட்ட பாட்டு நெடுநாள் தங்கி நிற்பதை, வீட்டில் ஒரு முதியவரைப் பேணியவர்கள் பலர் கண்டிருப்பார்கள். அந்த உண்மையையும், நுண்ணிய பற்கள் முதலில் மழுங்கி அடிநாதம் கடைசிவரை நிற்கும் தட்டின் பௌதிகத்தையும் கர்பி ஒன்றாகச் சேர்த்துவிட்டார்.

பிறர் பாடிய தட்டைச் சுழலவிட்டு, தாம் ஒரு ஸ்வரமும் வாசிக்காதவரைச் சங்கீதக்காரர் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், எவருடைய குரலை எடுத்தாளுகிறோமோ அவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரியதைக் கொடுக்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்தத் துணுக்கில் எந்தக் கணத்தைப் பிடிப்பது, எவ்வளவு தாழ்த்துவது, எப்போது விடுவது என்று தீர்மானிக்கும் காது, பயிற்சியால் வந்த காது. இதுவும் வித்வத்துதான் என்பது என் முடிவு.

நம் வீடுகளின் பரணிலும் பழைய தட்டுகள் இன்னும் இருக்கின்றன. கீறல் விழுந்தவை என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். 78 தட்டை எல்.பி. ஊசியால் ஓட்ட வேண்டாம். அதன் பள்ளம் மூன்று மடங்கு அகலம், அதற்கென்று உள்ள ஊசி வேறு. துடைக்கும்போது சாராயம் கலந்த எந்தத் திரவத்தையும் அரக்குத் தட்டின்மேல் படவிடாதீர்கள்; சாராயத்தில் அரக்கு கரைந்துவிடும். சுத்தமான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். நன்றாக உலர்ந்தபின், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி அடுக்குங்கள்.